பொருள் முந்தட்டும், விதி பின்வரட்டும்

தெற்கு தில்லியில், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக வளாகத்திற்கும் ராமகிருஷ்ணபுரத்து அரசு ஊழியர் குடியிருப்புகளுக்கும் இடையில் இருக்கும் முனிர்கா, மாநகரம் நாற்புறமும் வளர்ந்து சூழ்ந்துகொண்ட பின்னும் பழைய கிராமத்தின் குறுகிய சந்துகளை இழக்காத ஊர். அச்சந்துகளில் நெருக்கமாக எழுந்துள்ள அடுக்கு வீடுகளில், உத்தரப்பிரதேசம், பிகார், மணிப்பூர், மிசோரம், கேரளம், தமிழ்நாடு எனப் பல மாநிலங்களிலிருந்து படிப்பதற்கும் பிழைப்பதற்கும் வந்தவர்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். 1946ஆம் ஆண்டில் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கமும், தமிழர் கூடும் மலை மந்திரும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்றும் அருகிலுள்ள ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கின்றன. கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், ஸ்ரீ அரவிந்தர் மார்க்கில், நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பாடநூல்களை உருவாக்கும் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி. அமைந்திருக்கிறது.

இப்பகுதியில் வளரும் பிள்ளைக்கும், தாய்மொழி வழியில் பட்டம் முடித்து முதுகலை படிக்க வந்து சேரும் இளைஞருக்கும் தேர்வு, வேலை, மேற்படிப்பு ஆகிய மூன்றிற்கும் ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. ஆயினும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கில இலக்கணம் படித்தவர்களுள் பலர் நான்கு வாக்கியம் தயங்காமல் பேசவும், ஒரு பக்கம் பிழையின்றி எழுதவும் திணறுகிறார்கள். விதி தெரியாதது அன்று அவர்களுடைய குறை. தெரிந்த விதி பேசும்போதும் எழுதும்போதும் கைகொடுக்காததே குறை. இலக்கணத்தைக் கற்பிக்க வேண்டுமா, வேண்டுமெனில் எந்தக் கட்டத்தில், எதைக் கொண்டு கற்பிக்க வேண்டும் என்னும் வினாக்களுக்குக் கடந்த நூறு ஆண்டுகளில் ஒன்றுக்கொன்று மாறான விடைகள் கூறப்பட்டிருக்கின்றன. அவ்விடைகளை உலகம் சீர்தூக்கிப் பார்க்கக் காரணமான சோதனைகளுள் ஒன்று, சென்னையும் கடலூரும் உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களின் பள்ளிகளிலேயே நடந்தது என்பது தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

விதியிலிருந்து தொடங்கிய மரபு

இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது இலக்கண–மொழிபெயர்ப்பு முறை. ஐரோப்பாவில் இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கப்பட்ட வழியைப் பின்பற்றிய இம்முறையில், ஆசிரியர் முதலில் விதியைக் கூறுவார். பிறகு எடுத்துக்காட்டுத் தருவார். அதன்பின் மாணவர் தனித்தனி வாக்கியங்களில் அவ்விதியைப் பொருத்திப் பழகுவார்கள். விதியை முன்வைத்து எடுத்துக்காட்டுக்குச் செல்லும் இவ்வழியை ஆசிரியர் பயிற்சி நூல்கள் விதிவிளக்கு முறை என்றும், எடுத்துக்காட்டுகளை முன்வைத்து மாணவரே விதியைக் கண்டறியச் செய்யும் வழியை விதிவரு முறை என்றும் குறிப்பிடுகின்றன. ரென், மார்ட்டின் ஆகிய இருவரும் 1930களில் எழுதி, பின்னர் பிரசாத ராவ் திருத்திய ‘ஹைஸ்கூல் இங்கிலீஷ் கிராமர் அண்ட் காம்போசிஷன்’ விதிவிளக்கு முறையின் அடையாளமாகவே இந்தியாவில் நிலைத்துவிட்டது. முனிர்காவை அடுத்த பேர் சராயில், போட்டித் தேர்வு எழுதுவோரை நம்பி நடக்கும் புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன; அத்தகைய கடைகளில் இன்றும் கேட்டு வாங்கப்படும் நூல் அது.

இம்முறையின் வலிமையையும் வறுமையையும் செயப்பாட்டு வினையைக் கற்பிக்கும் விதத்திலேயே காணலாம். ‘ராமா கில்டு ராவணா’ என்னும் வாக்கியத்தை ‘ராவணா வாஸ் கில்டு பை ராமா’ என்று மாற்றுவதற்கு, செயப்படுபொருளை முன்னே கொண்டுவருதல், வினையின் வடிவத்தை மாற்றுதல், எழுவாயை ‘பை’ சேர்த்துப் பின்னே தள்ளுதல் என மூன்று படிகளை மாணவர் மனப்பாடம் செய்கிறார்; ஐம்பது வாக்கியங்களைத் தவறின்றி மாற்றவும் செய்கிறார். ஆனால் ஒருவர் ஏன் அப்படிப் பேச வேண்டும் என்னும் வினா அவ்வகுப்பில் எழுவதே இல்லை. செய்தவர் யாரென்று தெரியாதபோதும், தெரிந்தும் அவரைக் கூற வேண்டாதபோதும் ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை வருகிறது. பேருந்தில் பணப்பை பறிபோனவர் காவல் நிலையத்தில் ‘மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்’ என்றுதான் எழுதுவார். ‘பை’ என்பதற்கு அங்கே இடமே இல்லை. வடிவத்தை மட்டும் கற்று அதன் பயனைக் கல்லாத மாணவர், தேர்வில் முழு மதிப்பெண் பெற்ற பிறகும் புகார் எழுதும்போது திகைத்து நிற்பதற்கு இதுவே காரணம்.

பழக்கத்தால் படியவைக்க முயன்ற மரபு

விடுதலைக்குப் பின் இந்தியக் கல்வித் துறை தேர்ந்துகொண்டது அமைப்பு முறை எனப்படும் வழி. ஆங்கிலத்தின் வாக்கிய அமைப்புகளை எளியது, கடியது என்று தரம்பிரித்து, ஒவ்வொன்றாகச் சூழலோடு காட்டி, மாணவர் நாவில் படியும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அதன் அடிப்படை. ‘திஸ் இஸ் எ புக்’ என்று புத்தகத்தையும், ‘தட் இஸ் எ டோர்’ என்று கதவையும் காட்டிக் கற்பித்த வகுப்புகள் அம்முறையின் வெளிப்பாடு. ஒரே அமைப்பில் சொற்களை மட்டும் மாற்றிப் பல வாக்கியங்கள் உருவாக்க உதவும் மாற்றீட்டு அட்டவணையே அவ்வகுப்பின் முதன்மைக் கருவி. சென்னை மாநிலத்தில் இம்முறையைப் பரப்புவதற்காக 1950களின் இறுதியில், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு தொடங்கிய இயக்கம், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பித்த 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கத் திட்டமிட்டது. பயிற்சி பெற்றவர் அடுத்தவர்க்குப் பயிற்சி அளிக்க, உருளும் பனிப்பந்து போல அது பெருகும் என்னும் நம்பிக்கையில் ‘ஸ்னோபால்’ என்னும் பெயரே அதற்கு நிலைத்தது. 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கிலக் கழகமும், 1963இல் பெங்களூரில் தென்னிந்தியாவுக்கான வட்டார ஆங்கிலக் கழகமும் தோன்றி ஆசிரியர் பயிற்சிக்கு வலுவூட்டின.

மொழி என்பது தூண்டலும் துலங்கலுமாகப் படியும் பழக்கம் என்னும் நடத்தையியல் கொள்கை இம்முறைக்குத் துணைநின்றது. பி. எஃப். ஸ்கின்னர் 1957இல் நூலாக எழுதிய அக்கொள்கையை 1959இல் நோம் சாம்ஸ்கி மறுத்தார். கேட்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வதோடு குழந்தை நின்றுவிடுவதில்லை, கேளாத வாக்கியங்களையும் புதிதாகப் படைக்கிறது என்பது அம்மறுப்பின் சாரம். தமிழ்நாட்டு வகுப்பறையின் அனுபவமும் வேறொரு வழியில் அதே இடத்திற்கு வந்து சேர்ந்தது. பாட வேளையில் அமைப்புகளைச் சரியாகச் சொன்ன மாணவர், வகுப்பு முடிந்து தாமாக ஒன்றைச் சொல்ல முனையும்போது அவ்வமைப்புகள் அவரிடமிருந்து வரவில்லை.

பேசுவதற்காகப் பேசிய வகுப்பு

1970களில் கவனம் வடிவத்திலிருந்து பயன்பாட்டிற்குத் திரும்பியது. இலக்கணப் பிழையற்ற வாக்கியத்தை உருவாக்குவதோடு, யாரிடம், எவ்விடத்தில், எதைச் சொல்வது பொருந்தும் என்று அறிவதும் மொழித்திறனே என்று மானிடவியல் அறிஞர் டெல் ஹைம்ஸ் எடுத்துக்காட்டினார். அழைத்தல், மறுத்தல், மன்னிப்புக் கேட்டல், வழி விசாரித்தல் போன்ற செயல்களை அடிப்படையாகக் கொண்டு பாடத்திட்டம் அமைக்கலாம் என்று டேவிட் வில்கின்ஸ் 1976இல் விளக்கினார். தொடர்பாடல் முறை என்று பெயர்பெற்ற இவ்வழியை மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1990களில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கொண்டுவந்து, ‘இன்டராக்ட் இன் இங்கிலீஷ்’ என்னும் பாடநூல்களை வெளியிட்டது.

இதனினும் ஒருபடி மேலே சென்றவர் அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீஃபன் கிராஷன். மொழியை இயல்பாகப் பெறுதல் வேறு, விதிகளை உணர்ந்து கற்றல் வேறு என்று பிரித்த அவர், கற்ற விதி பேச்சை உருவாக்குவதில்லை, உருவான பேச்சைச் சரிபார்க்க மட்டுமே உதவுகிறது என்று வாதிட்டார். அவ்வாறு சரிபார்ப்பதற்கும் போதிய நேரம் இருக்க வேண்டும், கவனம் வடிவத்தின்மேல் இருக்க வேண்டும், விதியும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், எழுத்துத் தேர்வில் உதவும் விதி உரையாடலில் கைவிடுவதற்குக் காரணம் புலப்பட்டது. இலக்கணப் பாடமே தேவையில்லை என்னும் முடிவுக்குப் பலர் வந்ததும் அக்காலத்தில்தான்.

பெங்களூர்த் திட்டம் காட்டிய வழி

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அலுவலராக இருந்த என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை, பெங்களூரு வட்டார ஆங்கிலக் கழகத்தின் ஒத்துழைப்போடு நடத்திய சோதனை ‘பெங்களூர்த் திட்டம்’ என்று உலகெங்கும் அறியப்படுகிறது. பெங்களூரு, சென்னை, கடலூர் உள்ளிட்ட ஊர்களில், வசதி குறைந்த சாதாரணப் பள்ளிகளின் வகுப்புகள் சிலவற்றில் அது நடந்தது. இலக்கண அமைப்பு இன்னது, அது இன்ன வரிசையில் வரவேண்டும் என்னும் பட்டியல் எதுவும் அத்திட்டத்தில் இல்லை. மாணவரின் மனம் பொருளில் முழுமையாக ஈடுபட்டிருக்கும்போதே இலக்கணம் அவருக்குள் தானாக உருவாகிறது என்பதே பிரபுவின் கருதுகோள்.

அவ்வகுப்பில் பாடம் நடந்த முறை கூர்ந்து கவனிக்கத் தக்கது. ரயில் கால அட்டவணை ஒன்று மாணவர் கையில் தரப்படுகிறது என்று கொள்வோம். ஆசிரியர் முதலில் வகுப்பு முழுவதோடும் பேசி, எந்த வண்டி எப்போது புறப்படுகிறது, எப்போது சேருகிறது, பயணம் எத்தனை மணி நேரம் என்று ஆங்கிலத்திலேயே வினவி, அட்டவணையைப் படிக்கும் வழியைத் தெளிவாக்குகிறார். இது முன்பணி. அதன்பின் பணி தொடங்குகிறது: காலையில் ஓர் ஊரில் வேலையை முடித்துக்கொண்டு மாலைக்குள் வேறோர் ஊரை அடைய வேண்டியவர் எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று ஒவ்வொரு மாணவரும் தாமே எண்ணிப் பார்த்து விடை காண வேண்டும். வண்டி சரியா, நேரம் சரியா என்பதற்கே மதிப்பெண். வாக்கியத்தின் இலக்கணத்திற்கு மதிப்பெண் கிடையாது. மாணவர் பிழையாகச் சொன்னால், ஆசிரியர் அதைச் சரியான வடிவத்தில் தம் மறுமொழியில் சொல்லிக்கொண்டு மேலே செல்வார். பிழையை நிறுத்தி விளக்குவதோ, கரும்பலகையில் விதி எழுதுவதோ இல்லை. வகுப்பில் ஏறத்தாழ பாதிப் பேர் பணியின் பாதியையேனும் சரியாகச் செய்தால், அப்பணி அவ்வகுப்பின் தரத்திற்குப் பொருந்தியது என்று கொள்ளப்பட்டது.

பணிகளைப் பிரபு மூன்று வகையாகப் பிரித்தார். ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவர்க்கு அளிப்பது ஒன்று. தந்த தகவலிலிருந்து புதிய முடிவை எண்ணிக் காண்பது மற்றொன்று. தம் விருப்பத்தையோ கருத்தையோ வெளியிடுவது மூன்றாவது. இவற்றுள் எண்ணிக் காண்பதையே அவர் பெரிதும் விரும்பினார். தெளிவான விடை இருப்பதால் கூச்சமுள்ள மாணவரும் அதில் துணிந்து இறங்குகிறார் என்பது அவர் கண்டது. மாணவரைக் குழுவாகப் பேசவிடுவதை அவர் ஊக்குவிக்கவில்லை. இன்னும் முதிராத ஆங்கிலத்தைத் தமக்குள்ளேயே பேசிப் பேசி அதையே உறுதிப்படுத்திக்கொள்வார்கள் என்று அஞ்சினார்.

இத்திட்டத்தை மதிப்பிட்ட ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் ஆகியோர் 1985இல் வெளியிட்ட முடிவு கவனத்திற்குரியது. அமைப்பு முறையில் படித்தவர்கள் அமைப்புகளைச் சோதித்த தேர்வில் முந்தினார்கள். திட்டத்தில் படித்தவர்கள் பணியை மையமாகக் கொண்ட தேர்வில் முந்தினார்கள். இரண்டுக்கும் பொதுவாக அமைந்த தேர்வுகளிலும் பெரும்பாலும் திட்டத்தின் மாணவர்களே மேம்பட்டு நின்றார்கள். வகுப்புகளைச் சமமாக ஒப்பிடுவதில் இடர்ப்பாடுகள் இருந்ததால் இம்முடிவைக் கடைசித் தீர்ப்பாக எவரும் கொள்ளவில்லை. ஆயினும் ஒரு விதியும் சொல்லாத வகுப்பிலும் இலக்கணம் வளரும் என்பது மெய்ப்பட்டது. 1987இல் ‘செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி’ என்னும் நூலில் பிரபு இவ்வனுபவத்தை விரிவாக எழுதினார். பணிவழிக் கற்பித்தல் என்று இன்று உலகெங்கும் வழங்கும் முறைக்கு மூலமாக இருந்தவற்றுள் தென்னிந்தியப் பள்ளிகளில் கிடைத்த இவ்வனுபவம் முதன்மையானது.

பொருள் மட்டும் போதுமா

இவ்வழியின் எல்லையும் விரைவில் தெரியவந்தது. கனடாவில் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சு வழியில் படித்த, ஆங்கிலம் பேசும் குழந்தைகள், பல ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சைச் சரளமாகப் புரிந்துகொண்டும், பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகளைத் தொடர்ந்து செய்துவந்ததை மெரில் ஸ்வெய்ன் 1985இல் எடுத்துக்காட்டினார். புரிந்துகொள்வதற்குச் சொற்களே போதும். நுட்பமான இலக்கணக் கூறுகளைக் கவனியாமலே பொருளைப் பிடித்துவிட முடியும். ஆகவே தாமே பேசவும் எழுதவும் நேரும்போதுதான் தமக்குத் தெரியாதது எது என்று மாணவர் உணர்கிறார் என்பது அவர் வாதம். கவனிக்கப்படாத வடிவம் மனத்தில் பதிவதில்லை என்று ரிச்சர்ட் ஷ்மிட் 1990இல் வலியுறுத்தினார். 49 ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி ஆராய்ந்த ஜான் நோரிஸ், லூர்தஸ் ஒர்டேகா ஆகியோர், வெளிப்படையாக இலக்கணம் விளக்கப்பட்ட வகுப்புகள் கூடுதல் பயன் தந்ததாக 2000இல் தெரிவித்தார்கள். அவ்வாய்வுகளுள் பல, இயல்பான பேச்சைக் காட்டிலும் விதியைச் சோதிக்கும் தேர்வுகளையே அளவுகோலாகக் கொண்டிருந்தன என்பதையும் அவர்கள் சுட்டத் தவறவில்லை.

இன்னொரு உண்மையையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். ‘ஷி கோஸ்’ என்பதில் வினையின் இறுதியில் வரும் ‘ஸ்’ ஆங்கில வகுப்பில் மிக முன்னதாகக் கற்பிக்கப்படுவது; ஆனால் மிகத் தாமதமாகப் பேச்சில் நிலைபெறுவது. ஸ்பானிய மொழியும் சீன மொழியும் பேசும் குழந்தைகள் ஆங்கிலம் கற்பதை 1974இல் ஆராய்ந்த டுலே, பர்ட் ஆகியோர், இவ்விரு மொழிக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே வரிசையில் ஆங்கில இலக்கணக் கூறுகளைப் பெறுவதையும், ‘இங்’ முந்தி வர இந்த ‘ஸ்’ பிந்தி வருவதையும் கண்டார்கள். மாணவர் அடுத்த கட்டத்திற்கு ஆயத்தமாகாதபோது அதைக் கற்பித்துத் திணிக்க முடியாது என்பது மன்ஃப்ரெட் பினமன் 1980களில் வகுத்த கொள்கை. ஆகவே ஏழாம் வகுப்பு மாணவி ‘ஷி கோ’ என்று மீண்டும் மீண்டும் சொன்னால் அது அவளுடைய கவனக்குறைவும் அன்று, ஆசிரியரின் தோல்வியும் அன்று. மொழி வளரும் வழியில் அவள் நிற்கும் இடம் அது. தாய்மொழிக்கும் இலக்கு மொழிக்கும் நடுவே மாணவர் தமக்கென வளர்த்துக்கொள்ளும் இத்தகைய இடைமொழிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று லாரி செலிங்கர் 1972இலேயே கூறியிருந்தார்.

இவையனைத்தும் சேர்ந்து ஒரு நடுவழியைக் காட்டுகின்றன. பாடத்தைப் பொருளில் தொடங்கி, இடையில் தேவை எழும்போது மட்டும் வடிவத்தின்மேல் கவனத்தைத் திருப்பி, மீண்டும் பொருளுக்குத் திரும்புவதை மைக்கேல் லாங் 1990களில் விளக்கினார். இதற்குக் கருவியாக உதவும் ஒரு பயிற்சி, 1990இல் ரூத் வாஜ்னிரிப் நூலாக எழுதிய ‘டிக்டோகிளாஸ்’. ஆசிரியர் ஐந்தாறு வாக்கியங்கள் கொண்ட சிறு பகுதியை இயல்பான வேகத்தில் இருமுறை படிக்கிறார். மாணவர் முக்கியமான சொற்களை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு இருவர் மூவராகச் சேர்ந்து அப்பகுதியை மீண்டும் எழுதுகிறார்கள். முடிவில் தாங்கள் எழுதியதையும் மூலத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். ‘வென்ட்’ என்று வந்த இடத்தில் தாங்கள் ‘கோ’ என்று எழுதியிருப்பதை அவர்களே காணும்போது எழும் கேள்விக்கு ஆசிரியர் சொல்லும் இரண்டு வரி விளக்கம், பத்துப் பக்கப் பயிற்சியினும் ஆழமாகப் பதிகிறது. புத்தகமும் கரும்பலகையும் தவிர வேறு எதுவும் இல்லாத பள்ளியிலும் இது நடக்கும்.

பிழை திருத்தத்திலும் இதே நெறி பொருந்தும். மாண்ட்ரியல் பள்ளிகளை 1997இல் ஆராய்ந்த ராய் லிஸ்டர், லீலா ரான்டா ஆகியோர், ஆசிரியர்கள் பெரும்பாலும் பிழையைத் தாமே திருத்திச் சொல்வதையும், அத்திருத்தத்தை மாணவர் பெரும்பாலும் கவனியாமல் போவதையும், ‘இன்னொரு முறை சொல்’ என்பது போலத் தூண்டும்போது தாமே திருத்திக்கொள்வது மிகுவதையும் கண்டார்கள்.

பல மொழி பேசும் வகுப்பு

முனிர்கா போன்ற இடத்திற்குக் கூடுதலான ஒரு வளம் உண்டு. அது பிள்ளைகளின் தாய்மொழிகள். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பிற்காக ஆர். அமிர்தவல்லி தலைமையில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றி ஆராய்ந்த குழு, மொழியை நிறையக் கேட்கவும் படிக்கவும் வாய்ப்புள்ள சூழலே மொழி கற்பதற்கு முன்தேவை என்றும், ஆங்கிலம் பிற இந்திய மொழிகளோடு சேர்ந்தே வளர வேண்டும் என்றும் வலியுறுத்தியது. தில்லிப் பல்கலைக்கழக மொழியியலாளர் ரமா காந்த் அக்னிஹோத்ரி தலைமையில் அமைந்த இந்திய மொழிகளுக்கான குழு, மாணவரின் பன்மொழி அறிவைத் தடையாகக் கருதாமல் வகுப்பறையின் வளமாகக் கொள்ள வேண்டும் என்றது.

இது எவ்வாறு செயல்படும் என்பதற்கு மேற்கூறிய ‘ஸ்’ நல்ல சான்று. தமிழில் செல்கிறேன், செல்கிறாய், செல்கிறாள் என்று ஒவ்வோர் எழுவாய்க்கும் வினைமுற்று மாறுகிறது. ஹிந்தியிலும் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப வினை மாறுகிறது. மலையாளத்திலோ மணிப்புரியிலோ அவ்வாறு மாறுவதில்லை. நான்கு மொழிப் பிள்ளைகளும் தத்தம் மொழியில் ‘நான் போகிறேன், அவள் போகிறாள்’ என்னும் இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, வினை எங்கே மாறுகிறது, எங்கே மாறவில்லை என்று தாமே ஒப்பிட்டால், ஆங்கிலம் ஓரிடத்தில் மட்டும் மாற்றத்தை வைத்திருப்பது ஒரு கண்டுபிடிப்பாகவே அவர்களுக்குத் தோன்றும்.

‘எ’, ‘தி’ என்னும் ஆர்டிகிள்களும் அத்தகையனவே. ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார், அந்த ராஜாவுக்கு ஒரு மகள்’ என்று கதை சொல்லும் தமிழ்ப் பிள்ளைக்கு, முதலில் அறிமுகமாகும் பொருளையும் முன்பே அறிமுகமான பொருளையும் வேறுபடுத்தத் தெரியும், ஹிந்திப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலம் அதே வேறுபாட்டை ‘எ’, ‘தி’ என்னும் சொற்களால் காட்டுகிறது என்று அங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் ‘அவர் ஆசிரியர்’ என்று தமிழில் சொல்லும் இடத்தில் ஆங்கிலம் ‘எ டீச்சர்’ என்கிறது. ஒரே ஒரு சூரியனுக்கும் ‘தி’ வேண்டும் என்கிறது. தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகும் இடத்தில் விளக்கம் வேண்டியதில்லை; அவை பிரியும் இடத்தில்தான் விதி வேண்டும். ‘தாஜ்மகாலைப் பார்த்திருக்கிறேன்’, ‘நேற்று தாஜ்மகாலைப் பார்த்தேன்’ என்னும் இரண்டு தமிழ் வாக்கியங்களின் வேறுபாட்டை உணர்ந்த மாணவர்க்கு, ‘யெஸ்டர்டே’ என்று நாளைக் குறிப்பிடும்போது ‘ஐ ஹேவ் சீன்’ ஏன் பொருந்தாது என்பதைப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும்.

வயது வந்தோர்க்கான இலக்கணம்

ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க வரும் மாணவரின் நிலை வேறு. தாய்மொழியில் சிந்தித்து முதிர்ந்த அவர்கள், சில வாரங்களில் ஆங்கிலத்தில் கருத்தரங்கக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. இத்தகைய மாணவர்க்கு உதவுவதற்கென்றே அப்பல்கலைக்கழகம் மொழித்திறன் மேம்பாட்டுப் பிரிவு ஒன்றை நடத்துகிறது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், தன்வினை, பிறவினை, நேர்கூற்று, அயற்கூற்று ஆகியவற்றைப் பள்ளியிலேயே கற்ற தமிழ்வழி மாணவர்க்கு இலக்கணச் சிந்தனை புதிதன்று. வெளிப்படையான விளக்கத்தை அவர் விரைவாகப் பற்றிக்கொள்கிறார், எழுத்தில் திரும்பிப் பார்த்துத் திருத்த அவருக்கு நேரமும் உண்டு. அவருக்கு வேண்டியது பள்ளி இலக்கணத்தின் மறுபதிப்பு அன்று. பிறர் கருத்தை எடுத்துரைக்கும் வினைகள், உறுதியாகச் சொல்வதையும் ஐயத்தோடு சொல்வதையும் வேறுபடுத்தும் ‘மே’, ‘மஸ்ட்’ போன்ற துணைவினைகள், வாக்கியங்களை இணைக்கும் சொற்கள் ஆகியவையே வேண்டும். அவற்றையும் அவர் படிக்கும் துறையின் கட்டுரைகளிலிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும்.

தேர்வும் ஆசிரியரும்

கலைத்திட்டம் ஒன்றைச் சொன்னாலும் வகுப்பறையை நடத்துவது வினாத்தாள்தான். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் காலங்கள், துணைவினைகள், எழுவாய்–பயனிலை இயைபு, அயற்கூற்று, ஆர்டிகிள் போன்ற சுட்டும் சொற்கள் ஆகியவற்றுக்குப் பத்து மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அத்தாளில் வரும் கோடிட்ட இடத்தை நிரப்புதலும் பிழை நீக்குதலும் தனிவாக்கியப் பயிற்சியைக் காட்டிலும் மேம்பட்டவையே. ஆயினும் பேசும் இலக்கணத்தை அவை அளப்பதில்லை. அளக்கப்படாததைக் கற்பிக்க நெருக்கடியில் இருக்கும் ஆசிரியர்க்கு நேரம் கிடைப்பதில்லை. மாணவர் எழுதிய ஒரு பத்தியை எடுத்து, அதில் பொருள் தெளிவாக வந்திருக்கிறதா, அப்பொருளுக்கு வேண்டிய இலக்கணம் அமைந்திருக்கிறதா என்று மதிப்பிடும் வினாக்களுக்கு உரிய பங்கு அளித்தாலே வகுப்பறை மாறத் தொடங்கும்.

எல்லாருக்கும் உகந்த சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்று பிரபுவே 1990இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். தாம் செய்வதன் பொருளை ஆசிரியர் தாமே உணர்ந்து கற்பிப்பதுதான் முதன்மையானது என்பது அவர் கருத்து. அக்கருத்தை ஏற்றுக்கொண்டே, இந்த நூறாண்டு அனுபவம் ஒரு வரிசையைத் தெளிவாக்கியிருக்கிறது என்று கூறலாம்: முதலில் பொருள், பின்பு கவனம், அதன்பின் விதி. இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்று போற்றி வந்த தமிழ் மரபிற்கு இது அயலான நெறியன்று.

ஆகவே ஆங்கிலம் வரவேண்டும் என்று விரும்பும் பெற்றோர், பிள்ளைக்குத் தடித்த இலக்கண நூல் ஒன்றை வாங்கித் தருவதற்கு முன், அவள் விரும்பிப் படிக்கும் எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் நான்கை வாங்கித் தர வேண்டும். அவள் தப்பாகச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இடைமறிக்காமல் அவள் சொல்ல வந்ததை முழுமையாகக் கேட்க வேண்டும். ஆசிரியர்கள், விதியைச் சொல்வதற்கு முன் அவ்விதி பயன்படும் ஒரு சூழலை மாணவர்க்குத் தர வேண்டும். வகுப்பில் தமிழோ ஹிந்தியோ மணிப்புரியோ ஒலித்தால் அதை அடக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க அழைக்க வேண்டும். பாடத்திட்டமும் தேர்வும் வகுப்போர், இவ்வாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கு நேரத்தையும் சிறிய வகுப்புகளையும் அளிக்க வேண்டும். இலக்கணம் கற்பிக்கத் தக்கதே. அது மாணவர் தம் கருத்தைச் சொல்ல உதவும்போது மட்டுமே கற்பித்ததாகும்.